எந்த டோம் காமிரா எந்த இடத்துக்கு? – நமது கிட்டங்கி அனுபவம்



சென்ற செயற்குழுக் கூட்டம் முடிந்து காபி குடித்துக் கொண்டிருந்த வேளையில், மளிகைக்கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் இரண்டு கொட்டேஷன்களை நம் கையில் கொடுத்தார். இரண்டிலும் "டோம் காமிரா – 4" என்றுதான் எழுதியிருந்தது. ஒன்றில் காமிரா ஒன்றின் விலை 1,400 ரூபாய். மற்றதில் 9,800 ரூபாய். "ரெண்டும் பார்க்கக் கிண்ணத்தைக் கவுத்து வச்ச மாதிரிதானே இருக்கு அண்ணாச்சி, இதுக்கு எதுக்கு ஏழு மடங்கு விலை?" என்று கேட்டார். அன்று நேரம் போதவில்லை. பக்கத்திலிருந்த வேறு சிலரும் அதே சந்தேகத்தைக் கேட்கவே, பத்திரிகையில் எழுதிவிடுகிறோம் என்று சொல்லி வந்தோம்.

நாம் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தராசுக்கு வந்தவர்கள். மின்னணுக் கல்வி எதுவும் கிடையாது. ஆனால் மேற்படி இரண்டு ரகக் காமிராக்களும் நமது பருப்பு, வத்தல் கிட்டங்கியில் இன்று ஓடிக்கொண்டிருக்கின்றன. முதல் ரகத்தை 2020-ல் போட்டோம். இரண்டாவது ரகத்தை 2024-ல் போட்டோம். இரண்டாவதைப் போட வேண்டி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. என்றாலும் அதைச் சொல்லாமல் வெறும் லென்ஸ் கணக்கு மட்டும் எழுதினால் விஷயம் விளங்காது.

2023 தீபாவளிக்கு முந்திய வாரம். அந்த ஆண்டு துவரம் பருப்பு விற்ற விலை எல்லோருக்கும் நினைவிருக்கும். பண்டிகை முடிந்த மறுநாள் திங்கட்கிழமை இருப்பு எடுத்தபோது 50 கிலோ மூடை ஏழு குறைந்தது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு. உடனே ரிக்கார்டரைப் போட்டுப் பார்த்தோம். புதன்கிழமை மாலை நான்கரை மணிக்கு மேல் ஓர் ஆள் ஏழு முறை உள்ளே வந்து, ஏழு மூடைகளை வாசலில் நின்ற குட்டியானை வண்டியில் ஏற்றுவது தெரிந்தது. ஆனால் ஆள் யார் என்று தெரியவில்லை. நமது கிட்டங்கி மேற்குப் பார்த்த வாசல். வெளியே சாயங்கால வெயில் கண்ணைப் பறிக்கும், உள்ளே இருட்டு. படத்தில் வாசல் முழுவதும் வெள்ளை, நடுவில் ஆள் கரிக்கட்டை போல் கறுப்பு. மூடையைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து நடக்கும் நடை மட்டும்தான் தெரிந்தது.

அந்த நடையை வைத்து நாம் ஒரு முடிவுக்கு வந்தோம். நம்மிடம் 19 ஆண்டுகளாக இருக்கும் லோடுமேன் ஒருவருக்கு முழங்கால் வலி உண்டு, அப்படித்தான் சாய்ந்து நடப்பார். கூப்பிட்டுப் படத்தைக் காட்டினோம். அவர் அதை இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இதுல மூஞ்சியே இல்லையே அண்ணாச்சி, இதைப் பார்த்துட்டா என்னைக் கேக்கிறீக?" என்றார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. ஆனாலும் "கொஞ்ச நாள் வீட்டில் இரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். போலீசுக்குப் போகவில்லை என்பதைப் பெரிய தயவு போலவும் சொன்னோம்.

பதினோராம் நாள் பக்கத்து ஊர்ச் சில்லறை வியாபாரி ஒருவர் பாக்கி செலுத்த வந்தார். பணத்தை எண்ணி வைத்துவிட்டு, "தீபாவளிக்கு எடுத்த ஏழு மூடைக்கு இன்னும் பில் வரலையே?" என்றார். நெரிசலில் நம் மகன் துண்டுச் சிட்டையில் எழுதிச் சரக்கைக் கொடுத்திருக்கிறான். அந்தச் சிட்டை பில் போடும் மேசைக்கு வந்து சேரவில்லை. மூடை தூக்கியவர் அந்த வியாபாரியுடன் வந்த ஆள். திருட்டும் இல்லை, திருடனும் இல்லை. அன்று மாலையே லோடுமேன் வீட்டுக்கு நாமே போனோம். அவர் நாற்காலி எடுத்துப் போட்டார், டீ கொடுத்தார். இரண்டு நாள் கழித்து வேலைக்கு வந்தார். அதற்குமேல் அதைப்பற்றி எழுத நமக்கு வாய் வரவில்லை.

காமிரா போட்டிருந்தும் இப்படி ஆயிற்றே என்று விசாரிக்கப் போய்த்தான் கீழே எழுதுவதெல்லாம் தெரிய வந்தது. பொருத்திக் கொடுத்தவர் மோசம் செய்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. "கிட்டங்கி முழுக்கத் தெரியணும்" என்றுதான் நாம் அவரிடம் கேட்டோம். கேட்டபடியே முழுக்கத் தெரிந்தது. முழுக்கத் தெரிவது ஒன்று, முகம் தெரிவது வேறொன்று. அது அப்போது நமக்குத் தெரியாது.

இப்போது இரண்டு காமிராவின் சங்கதிக்கு வருவோம்.

முதலாவது 2 மெகாபிக்சல், 2.8 மி.மீ. நிலை லென்ஸ், பிளாஸ்டிக் கூடு, கோஆக்சியல் ஒயர் வழியாக டி.வி.ஆர். பெட்டிக்குப் போவது. இரண்டாவது 4 மெகாபிக்சல், 2.8 முதல் 12 மி.மீ. வரை கூட்டிக் குறைக்கக்கூடிய லென்ஸ், உலோகக் கூடு, கம்ப்யூட்டர் நெட்வொர்க் ஒயரில் ஓடும் ஐ.பி. ரகம். விற்பவர்கள் மெகாபிக்சலைத்தான் முதலில் சொல்வார்கள். நாம் கண்ட வரையில் லென்ஸின் மில்லிமீட்டரைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

லென்ஸ் எண் சிறிதாக இருந்தால் பார்வை அகலம், எண் பெரிதானால் பார்வை குறுகித் தூரத்துப் பொருள் கிட்டத்தில் வரும். 2.8 லென்ஸுக்கு ஏறக்குறைய 100 டிகிரி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தடி தூரத்தில் அது சுமார் 24 அடி அகலத்தைப் படம் பிடிக்கும். 2 மெகாபிக்சல் படத்தில் குறுக்கு வாட்டில் 1,920 புள்ளிகள் இருக்கும். அந்தப் புள்ளிகளை 24 அடிக்குப் பங்கு போட்டால் ஓர் அடிக்கு 80 புள்ளி. மனித முகம் அரை அடி அகலம், ஆகவே முகத்துக்கு 40 புள்ளி. இருபதடி தள்ளி நின்றால் அகலம் இரண்டு மடங்கு, முகத்துக்குக் கிடைப்பது 20 புள்ளி. நாற்பதடிக்குப் போனால் வெறும் பத்துப் புள்ளி. பத்துப் புள்ளியில் கண்ணும் மூக்கும் எங்கே தெரியப் போகிறது? நமது காமிராவுக்கும் வாசலுக்கும் உள்ள தூரம் நாற்பதடி. வெயிலே இல்லாவிட்டாலும் அந்தப் படத்தில் முகம் தெரிந்திருக்காது என்பதை இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் உணர்ந்தோம்.

இது நாமாகச் சொல்லும் கணக்கன்று. கண்காணிப்புக் காமிராக்களுக்கென்று 2014-ல் வெளியான 62676-4 என்ற சர்வதேசத் தர ஏட்டில், முன்பின் தெரியாத ஒருவரை இன்னார் என்று அடையாளம் காட்ட ஒரு மீட்டருக்கு 250 புள்ளி வேண்டும் என்று கண்டிருக்கிறது. ஏற்கெனவே தெரிந்த ஆளை அவர்தான் என்று சொல்ல 125 புள்ளி. ஆள் ஒருவர் வந்தார் என்று மட்டும் அறிய 25 போதும். நம் வழக்கப்படி அடிக்கு மாற்றினால் முறையே 76, 38, 8 புள்ளிகள். ஆகவே 2.8 லென்ஸ் போட்ட 2 மெகாபிக்சல் காமிரா அந்நியர் முகத்துக்குப் பத்தடி வரைக்கும், பழகியவர் முகத்துக்கு இருபதடி வரைக்கும்தான் செல்லுபடியாகும். அதற்கப்பால் "யாரோ வந்தார், மூடையைத் தூக்கினார்" என்று மட்டும் சொல்லும். யார் என்பதைப் பார்க்கிறவர் மனசு இட்டு நிரப்பிக்கொள்ளும். நாம் இட்டு நிரப்பியதைத்தான் மேலே எழுதியிருக்கிறோம்.

இரண்டாவது காமிராவில் லென்ஸை 12 மி.மீ. பக்கம் இழுத்து வைத்திருக்கிறோம். அதே நாற்பதடியில் அது ஏறக்குறைய 22 அடி அகலத்தை மட்டும் பார்க்கிறது. வாசலும் இரண்டு பக்கமும் சிறிது சுவரும் படத்தில் விழுகின்றன. குறுக்கே 2,560 புள்ளி இருப்பதால் அடிக்கு 116, முகத்துக்கு 58 புள்ளி. இப்போது வாசலில் நிற்பவரின் மீசை நரைத்திருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே 9,800 ரூபாய்க் காமிராவை 2.8 மி.மீ.-லேயே விட்டு மாட்டியிருந்தால் நாற்பதடியில் முகத்துக்கு 13 புள்ளிதான் கிடைத்திருக்கும். பத்துக்குப் பதில் பதின்மூன்று, அவ்வளவுதான். விலையைக் கொடுத்து லென்ஸைத் திருப்பாமல் விட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பொருத்த வருபவர் ஏணியை மடக்கிக்கொண்டு போகுமுன், வாசலில் ஓர் ஆளை நிறுத்தி, டி.வி.யில் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். அதுவும் காலையில் ஒரு முறை, வெயில் சாயும்போது ஒரு முறை பார்க்க வேண்டும்.

வெயில் என்றதும் அடுத்த வித்தியாசம் வருகிறது. இரண்டு காமிராவின் அட்டைப்பெட்டியிலும் டபிள்யூ.டி.ஆர். என்று அச்சிட்டிருக்கும். வெளிச்சமும் இருட்டும் ஒரே படத்தில் வரும்போது இரண்டையும் தெரியச் செய்யும் ஏற்பாட்டுக்கு அந்தப் பெயர். முதல் காமிராவில் இருந்தது டிஜிட்டல் டபிள்யூ.டி.ஆர். எடுத்த படத்தில் இருண்ட பாகத்தைப் பிறகு கொஞ்சம் வெளுப்பாக்கிக் காட்டும், அவ்வளவே. படம் எடுக்கும்போதே பதிவாகாத முகத்தை அது எங்கிருந்து கொண்டு வரும்? இரண்டாவதில் இருப்பது 120 டெசிபல் நிஜ டபிள்யூ.டி.ஆர். அது வெளிச்சத்துக்கு ஒன்று, இருட்டுக்கு ஒன்று என வெவ்வேறு அளவில் படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. 120 டெசிபல் என்றால் மிக இருண்ட இடத்தைவிடப் பத்து லட்சம் மடங்கு வெளிச்சமான இடத்தையும் ஒரே படத்தில் தாங்கும் என்று அர்த்தமாம். பொருத்தியவர் இதை ஆன் செய்து கொடுக்கவில்லை. ஒரு வாரம் பழைய கரிக்கட்டைப் படத்தையே பார்த்துவிட்டு, விலை வீணாயிற்றோ என்று கலங்கிப்போய் அவரைக் கூப்பிட்டோம். செட்டிங்கில் ஒரு பொத்தானைத் தட்டினார், வாசலில் நின்றவர் முகம் வந்துவிட்டது. ஷட்டர் கதவு தெருவைப் பார்த்திருக்கும் எந்தக் கடைக்கும் இது முக்கியம். அதாவது நம்மில் பெரும்பாலோருக்கு. ஆனால் இதற்கும் ஒரு குறை உண்டு. இரவிலும் இதை ஆன் செய்தே வைத்தால் வேகமாக நடப்பவர் உருவம் சில சமயம் இரட்டையாக இழுபடும். நாம் பகலுக்கு ஆன், இரவுக்கு ஆஃப் என்று நேரம் வைத்துவிட்டோம்.

இரவு விஷயத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரு ஜாதிதான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கைப் போட்டுக் கறுப்பு வெள்ளையில் படம் எடுக்கும். முதலாவதுக்கு 20 மீட்டர், இரண்டாவதுக்கு 30 மீட்டர் எட்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் துணியின் நிறத்தை நம்பவே கூடாது. கறுப்புச் சட்டை சில சமயம் வெளிறித் தெரியும். சட்டை நிறத்தை வைத்து ஆளைப் பிடிக்க நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

டோம் என்ற அமைப்புக்கே உள்ள ஒரு தொல்லையை எந்தக் கொட்டேஷனும் சொல்லாது. லென்ஸுக்கு முன்னால் கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறதல்லவா, அதில் தூசு படிந்தால் உள்ளிருந்து போகும் அகச்சிவப்பு ஒளி அந்தத் தூசியில் பட்டு லென்ஸுக்கே திரும்பி வரும். பகலில் படம் பளிச்சென்று இருக்கும், இரவானால் பனி மூடினது போல் வெளுத்துவிடும். துணிக்கடையில் இது பெரிய பிரச்சினை அன்று. வத்தல் கொட்டும் கிட்டங்கியிலும், மாவு மில்லிலும், மல்லி புடைக்கும் இடத்திலும் இருபது நாளில் கிண்ணம் மங்கிப் போகிறது. நாம் முதலில் தோள் துண்டை வைத்துத் துடைத்தோம். மகாத் தவறு. வத்தல் தூசி மணல் மாதிரி கிண்ணத்தைக் கீறிவிட்டது. கீறல் விழுந்தால் அதன்பின் துடைத்தும் பயனில்லை, கிண்ணத்தைத்தான் மாற்ற வேண்டும். முதலில் ஊதியோ மெல்லிய பிரஷ்ஷாலோ தூசியைத் தட்டிவிட்டு, பிறகு மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியால் லேசாகத் துடைக்க வேண்டும். கிண்ணத்தைக் கழற்றி மாட்டினால், லென்ஸைச் சுற்றியுள்ள பஞ்சு வளையம் கிண்ணத்தோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கவும். அது விலகியிருந்தாலும் அதே பனிமூட்டம் வரும்.

உண்மையைச் சொன்னால், தூசி மிகுந்த இடத்துக்கு டோமே வேண்டாம். கிண்ணம் இல்லாமல் விழி மட்டும் உருண்டையாகத் திரும்பும் ஐபால் ரகம் அங்கு மேல். இரண்டு டோமில் எது நல்லது என்று கேட்ட உறுப்பினருக்கு இது மூன்றாவது பதில். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறோம்.

பிறகு டோம் எதற்கு என்றால், கைக்கு எட்டும் உயரத்தில் வைக்க வேண்டிய இடத்துக்கு. நீண்ட குழல் காமிராவை ஒரு குச்சியால் வேறு பக்கம் திருப்பி விடலாம். டோமை அப்படித் திருப்ப முடியாது. இரண்டாவது காமிராவில் ஐ.கே.10 என்று போட்டிருக்கிறது. ஐந்து கிலோ எடையை 40 செ.மீ. உயரத்திலிருந்து மேலே போட்டால் உண்டாகும் அடியைத் தாங்கும் என்பது அதன் பொருள். ஐ.பி.67 என்பது தூசியும் நீரும் உள்ளே புகாது என்பதற்கு. முதல் காமிராவுக்கு இவை எதுவும் இல்லை. தாழ்வான வாசலில் தலைச்சுமை மூடை இடித்து நமது பழைய டோம் ஒன்று தொங்கிப்போன கதையும் உண்டு.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் காமிராவைக் கூரைக்கு அருகில் 12 அடி, 14 அடியில் மாட்டச் சொல்கிறோம். அங்கிருந்து கிட்ட வருபவர்களின் உச்சந்தலையும் தலைத்துண்டும்தான் தெரியும். ஆளை அடையாளம் காணும் காமிரா எட்டடி, ஒன்பதடிக்கு மேல் போகாமல், வருகிறவர் முகத்துக்கு ஏறக்குறைய நேரே பார்க்க வேண்டும். உள்ளே நுழையும்போது முகம் தெரியும், வெளியே போகும்போது முதுகுதான் தெரியும். ஆகவே வாசல் காமிரா உள்ளிருந்து வாசலைப் பார்க்க வேண்டும்.

ஒயர் சமாசாரம். முதல் ரகத்துக்கு மூன்று பிளஸ் ஒன்று என்று சொல்லும் ஒயர். படத்துக்கு ஒரு கோஆக்சியல், கரண்டுக்கு மெல்லிய கம்பிகள். ரிக்கார்டர் பக்கத்தில் இருக்கும் 12 வோல்ட் பவர் சப்ளையிலிருந்து அந்த மெல்லிய கம்பியில் கரண்டு போகிறது. தூரம் கூடக் கூட வோல்ட் குறைந்துகொண்டே போகும். பகலில் ஓடும் காமிரா, இரவில் அகச்சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்ததும் கரண்டு பற்றாமல் அணைந்து அணைந்து எரியும். நமது கடைசிக் காமிராவுக்கு 180 அடி ஒயர். அது ஒவ்வொரு இரவும் இப்படிச் செய்தது. காமிரா கெட்டுவிட்டது என்று இரண்டு முறை புதிதாக மாற்றிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. காமிரா பக்கத்திலேயே தனி அடாப்டர் வைத்ததும் சரியாயிற்று. ஐ.பி. ரகத்தில் பி.ஓ.இ. முறையில் ஒரே நெட்வொர்க் ஒயரில் படமும் கரண்டும் போகும். 100 மீட்டர், அதாவது 328 அடி வரை கவலையில்லை. அதற்கு பி.ஓ.இ. ஸ்விட்ச் பெட்டி தனியாக வாங்க வேண்டும். கொட்டேஷனில் அது இருக்கிறதா என்று பாருங்கள், சிலர் கடைசியில் சேர்ப்பார்கள்.

எத்தனை நாள் படம் நிற்கும் என்பதை நாம் முதலில் கேட்கவே இல்லை. நமது பழைய ரிக்கார்டரில் காமிராவுக்கு நொடிக்கு 4 மெகாபிட் என்று வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு காமிரா ஒரு நாளைக்கு 43 ஜிபி எழுதும், நான்கு காமிரா 172 ஜிபி. 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஆறு நாளுக்குள் நிறைந்து, பழையதன் மேலேயே திரும்ப எழுதத் தொடங்கிவிடும். மேலே சொன்ன சம்பவத்தில் ஐந்தாம் நாள் பார்த்தோம். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் அந்தக் கரிக்கட்டைப் படமும் இராது. அது இல்லாமலிருந்தால் ஒரு வேளை நல்லதாகவே இருந்திருக்குமோ என்றும் சில சமயம் தோன்றுகிறது. எச்.265 என்ற புதிய சுருக்கும் முறையில் அதே தரப் படத்துக்கு ஏறக்குறைய பாதி இடம் போதும். ரிக்கார்டரும் காமிராவும் இரண்டுமே அதற்கு ஒத்துழைக்க வேண்டும். மாதம் ஒரு முறை இருப்பு எடுப்பவர்களுக்கு முப்பது நாளாவது படம் வேண்டும். நான்கு காமிராவுக்கு, எச்.265-ல் நொடிக்கு 2 மெகாபிட் வைத்தால் அதற்கு 2.6 டெராபைட் தேவை. ஆகவே 3 அல்லது 4 டெராபைட் டிஸ்க், அதுவும் கண்காணிப்புக்கென்றே செய்தது வாங்க வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டர் டிஸ்க் இரவு பகலாக எழுதிக்கொண்டிருப்பதற்கென்று செய்ததல்ல.

ஐ.பி. காமிராவுக்கு இன்னொரு ஜாக்கிரதை வேண்டும். அது நெட்டில் சேர்கிற சாமான். கம்பெனி கொடுத்த கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். பொருத்தியவருக்கும் தெரியாத சொல்லாக இருப்பது நல்லது. டி.வி.ஆர். பெட்டியை நெட்டில் சேர்த்துக் கைப்பேசியில் பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். காமிராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை வேண்டும் என்று மத்திய அரசு 2024 ஏப்ரலில் கொண்டுவந்த விதி 2025 ஏப்ரல் 9 முதல் அமலில் இருக்கிறது. கடைக்காரர் பழைய சரக்கை மலிவாகத் தள்ளினால், அந்த மாடலுக்கு எஸ்.டி.க்யூ.சி. சான்று இருக்கிறதா என்று கேட்டு, பில்லிலும் மாடல் எண்ணை எழுதி வாங்கவும்.

போலீசுக்கோ கோர்ட்டுக்கோ போக நேர்ந்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் வந்திருக்கிறது. முன்பு 65-பி என்று வக்கீல்கள் சொன்னது இப்போது 63-ஆம் பிரிவு. படத்தைப் பென் டிரைவில் நகல் எடுத்துக் கொடுத்தால் அதனோடு சான்றிதழும் தர வேண்டும். அதில் கருவியை வைத்திருப்பவர் நிரப்பும் பகுதி ஒன்றும், நிபுணர் நிரப்பும் பகுதி ஒன்றும் உண்டு. மற்றதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளவும். நாம் செய்ய வேண்டியது ரிக்கார்டர் கடிகாரத்தைச் சரியாக வைப்பது. நம்முடையது 14 நிமிடம் முந்தி ஓடியது. பில் நேரத்தையும் படத்தின் நேரத்தையும் ஒத்துப் பார்க்க முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் படித்துவிட்டு இரண்டாவது காமிராவையே நான்கும் வாங்கிவிட வேண்டாம். பத்தடிக்கு இருபதடி மளிகைக்கடைக்கு 1,400 ரூபாய்க் காமிரா தாராளம். கல்லாப்பெட்டிக்கு மேலே அதுதான் பொருத்தமும் கூட. ஏழெட்டடி தூரத்தில் கொடுப்பவர் முகம், வாங்குபவர் கை, ரூபாய் நோட்டு எல்லாம் ஒரே படத்தில் விழும். குறுகலான பார்வை அங்கு உதவாது. சாமான் அடுக்கு நடுவிலும் அப்படியே. தெரு வாசல் வெயிலை நேரே பார்க்கும் இடத்துக்கும், இருபதடிக்கு அப்பால் முகம் தெரிய வேண்டிய இடத்துக்கும் மட்டும் இரண்டாவது ரகம். நாம் பழைய நான்கையும் அப்படியே வைத்துக்கொண்டு வாசலுக்கு ஒன்றும், எடைபோடும் தராசுக்கு ஒன்றுமாக இரண்டே புதிது வாங்கினோம். பழைய ரிக்கார்டர் சில ஐ.பி. காமிராக்களையும் ஏற்கும் ரகமாக இருந்ததால் அதுவும் மிச்சம். உங்கள் ரிக்கார்டர் ஏற்குமா என்பதைப் புதிதாக வாங்குமுன் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காமிரா எங்கெங்கே இருக்கிறது என்று வேலையாட்களிடம் சொல்லிவிட்டோம். புதியதைப் பொருத்திய அன்று வாசலில் நிறுத்திப் படம் பார்த்தது அந்த லோடுமேனைத்தான். டி.வி.யில் தம் முகத்தைப் பார்த்து, "இப்பத் தெரியுது" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு காமிராவின் படத்தையும் ஒரே டி.வி.யில் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க விரும்பும் உறுப்பினர்கள் ஞாயிறு நீங்கலாக எந்த நாளும் மாலை நான்கு மணிக்கு மேல் நமது கிட்டங்கிக்கு வரலாம். அந்த நேரத்தில்தான் வெயில் வாசலில் நேராக விழும். வரும்போது உங்கள் கடையின் நீள அகலத்தையும், வாசல் எந்தத் திசை என்பதையும், காமிரா மாட்ட நினைக்கும் இடத்துக்கும் வாசலுக்கும் எத்தனை அடி என்பதையும் ஒரு தாளில் குறித்துக் கொண்டு வந்தால், எந்த லென்ஸ் என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடலாம்.